அழுகை, பதற்றத்துக்குச் சீனக் கஷாயம்: பிரஷர் உள்ளவர்களுக்குக் கொடுக்கலாமா?

வேப்பமூடு:
காரணமில்லாத அழுகை, பதற்றம், தூக்கம் கலைவது இதற்கெல்லாம் சீன மருத்துவத்தில் கோதுமை, அதிமதுரம், இலந்தை சேர்த்து ஒரு கஷாயம் சொல்றாங்க. அளவும் பக்குவமும் தெரிஞ்சவங்க சொல்லுங்க. பிரஷர் மாத்திரை சாப்பிடுற 58 வயது அம்மாவுக்குக் கொடுக்கலாமா? மணிக்கட்டில் அமுக்குற புள்ளியும் உண்டாமே?

குழித்துறைக்காரன்:
கன் மாய் தா ட்ஸாவ் தாங் என்பார்கள். கி.பி. 200 ஒட்டி வாழ்ந்த சீன வைத்தியர் சாங் சோங்ஜிங் எழுதிவைத்த மருந்து. இன்று வழக்கிலுள்ள ஒருநாள் அளவு: அதிமதுரம் 9 கிராம், முழுக் கோதுமை 15 முதல் 30 கிராம், காய்ந்த சிவப்பு இலந்தை 10. இலந்தையைப் பிய்த்துக் கொட்டையை எடுத்துவிட்டு, மூன்றையும் ஒரு லிட்டர் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, சிறுதீயில் பாதியாக வற்ற வைக்கணும். வடிகட்டி இரண்டு மூன்று வேளையாக இளஞ்சூட்டில் குடிப்பது. மண்சட்டி அல்லது ஸ்டீல் பாத்திரம் போதும். இரும்பு, அலுமினியம் ஆகாது. கோதுமையை உடைத்துப் போட்டால் கஞ்சியாகி அடிப்பிடிக்கும். நம்மூர் புளிப்பு இலந்தை வேறு இனம். உப்பும் மிளகாயும் சேர்ந்த இலந்தை வடையைப் போடவே கூடாது.

நோயின் பெயரை மட்டும் பார்த்து மருந்து எடுப்பதுதான் பெரிய தவறு. சீன மருத்துவம் கோபத்தைக் கல்லீரலோடும், ஓயாத யோசனையை மண்ணீரலோடும், துக்கத்தை நுரையீரலோடும், பயத்தைச் சிறுநீரகத்தோடும் சேர்த்துப் பார்க்கும். அடிக்கடி அழுது, கொட்டாவி விட்டு, சோர்ந்து கிடப்பவருக்கானது இந்தக் கஷாயம். எரிச்சல், சிவந்த முகம், மஞ்சள் படிந்த நாக்கு, மலச்சிக்கல் என்றால் மருந்தே வேறு.

கோட்டாறு மருந்துக்கடை:
அண்ணாச்சி, அம்மாவுக்கு வேண்டாம். அதிமதுரத்திலுள்ள கிளிசிரைசின், சிறுநீரகத்தில் கார்ட்டிசால் என்ற ஹார்மோனை அடக்கி வைக்கிற நொதியைத் தடுத்துவிடும். உப்பும் நீரும் உடம்பில் தங்கும், பொட்டாசியம் இறங்கும், பிரஷர் ஏறும். கணுக்கால் வீங்கும், தசை தளரும், நெஞ்சு படபடக்கும். அந்தப் படபடப்பைப் பதற்றம் என்று நினைத்துக் கஷாயத்தைக் கூட்டிவிடுவார்கள், ஆபத்து அங்கேதான். நீர் பிரிக்கிற மாத்திரையோ, டிகாக்சின் என்ற இதய மருந்தோ எடுப்பவர்களுக்கு இன்னும் மோசம். மனதை அமைதிப்படுத்தும் என்று ஆன்லைனில் விற்கிற சீன மாத்திரைகள் சிலவற்றில் சாதிலிங்கம், அதாவது பாதரசக் கூட்டு, சேரும். சேர்மானம் எழுதாத டப்பாவைத் தொடாதீங்க.

தக்கலை வாசி:
புள்ளிகள் இரண்டு. ஷென்மென்: உள்ளங்கைப் பக்க மணிக்கட்டு மடிப்பில், சுண்டுவிரல் பக்கத் தசைநாரை ஒட்டி உள்ளே இருக்கிற பள்ளம். நெய்குவான்: அந்த மடிப்பிலிருந்து முழங்கைப் பக்கமாக மூன்று விரல் அகலம் மேலே, இரண்டு தசைநார்களுக்கு நடுவில். அம்மாவின் விரலால் அளக்கணும். அமுக்குபவர் விரலால் அளந்தால் இடம் தப்பும். நகம் படாமல் பெருவிரலால் ஒன்றிரண்டு நிமிஷம், மூச்சை மெதுவாக விட்டபடி. ஆசான் கையாளுகிற வர்மப் புள்ளிகளோடு குழப்பாதீங்க, அழுத்தமும் முறையும் வேறு. புள்ளியில் அக்குபங்சர் ஊசி குத்துவதென்றால் ஒருமுறை மட்டும் பயன்படுத்துகிற ஊசிதானா என்று உறை பிரிப்பதைப் பாருங்க. மனநல மாத்திரையை உடனே நிறுத்தச் சொல்கிற இடத்துக்குப் போகவே போகாதீங்க. புதிதாக வந்த அழுகை என்றால் முதலில் தைராய்டு பார்க்கணும். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியில் மனநலப் பிரிவு இருக்கு. போனில் பேச அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416.

வேப்பமூடு:
மாத்திரை அட்டையில் ஹைட்ரோகுளோரோதயசைடு இருக்கு. அதிமதுரத்தை விட்டுட்டு மற்ற இரண்டையும் கொடுத்தால்?

கோட்டாறு மருந்துக்கடை:
அது நீர் பிரிக்கிற மருந்துதான், அதிமதுரம் கூடவே கூடாது. கோதுமையும் இலந்தையும் மட்டும் என்றால் அது சாப்பாடு, மருந்தல்ல. சுகர் இருந்தால் பத்து இலந்தையே அதிகம். தைராய்டு ரிசல்ட் வந்ததும் டாக்டரிடம் காட்டுங்க.