இறக்கைப் பெட்டியின் அதிர்வு: எந்த உத்திர மாதிரி பொருந்தும்?

கேள்வி: விமான இறக்கையின் சுமைதாங்கும் உட்பகுதியான, மெல்லிய சுவர் கொண்ட இறக்கைப் பெட்டி ஒன்றின் இயல் அதிர்வெண்களை சறுக்குப்பெயர்ச்சியைப் (பொருளின் அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று சறுக்குவதைப்) புறக்கணிக்கும் ஆய்லர்-பெர்னூலி உத்திரக் கோட்பாட்டின்படி கணக்கிட்டேன். முதல் இரண்டு வளைவு அதிர்வு வடிவங்களின் அதிர்வெண்கள் ஓட்டுக்கூறு மாதிரியுடன் (சுவர்களை மெல்லிய ஓட்டுத் துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் விரிவான மாதிரி) ஒத்துப்போகின்றன. அதற்கு மேற்பட்டவை மிக உயர்வாக வருகின்றன. டிமோஷென்கோ மாதிரிக்கு மாறினால் போதுமா?

மறுமொழி 1: போதாது. 1921-இல் வெளியான டிமோஷென்கோ கோட்பாடு சறுக்குப்பெயர்ச்சியைச் சேர்த்துக்கொண்டாலும், குறுக்குவெட்டு தட்டையாகவே இருக்கும், தன் வடிவம் மாறாது என்றே கொள்கிறது. மெல்லிய தோல் கொண்ட இறக்கையில் குறுக்குவெட்டே நெளிந்து உருமாறுவதால், அத்தகைய அதிர்வு வடிவங்கள் அந்த மாதிரியில் தோன்றவே மாட்டா. வளைவும் முறுக்கமும் பிணைந்த வடிவங்களைத் தவறாகக் கணித்தால் படபடப்பு வேகக் (காற்றோட்டத்தால் இறக்கை கட்டுமீறி அதிரத் தொடங்கும் வேகம்) கணிப்பும் பிழையாகிவிடும் என்பதே என் பெரிய கவலை.

மறுமொழி 2: தூரின் பல்தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் எராஸ்மோ கரேரா உருவாக்கிய ஒருங்கிணைந்த வாய்பாட்டைப் பரிந்துரைக்கிறேன். அதில் குறுக்குவெட்டின் இடப்பெயர்ச்சி டெய்லர் பல்லுறுப்புக்கோவையாக விரிக்கப்படுகிறது. நான்காம் படியில் ஒரு கணுவுக்கு (உத்திரத்தின் நீளவாக்கில் கணக்கிடும் புள்ளிக்கு) 15 உறுப்புகள், மூன்று திசைகளுக்கும் சேர்த்து 45 கட்டின்மைப் படிகள் (கண்டறிய வேண்டிய மாறிகள்) மட்டுமே. இறக்கையின் விலா (குறுக்குச் சட்டம்), நெடுக்கு விறைப்பான் (நீளவாக்குச் சட்டம்) ஆகியவற்றைத் தனித்தனியே காட்ட வேண்டுமானால் குறுக்குவெட்டுப் புள்ளிகளின் இடப்பெயர்ச்சியையே மாறிகளாகக் கொள்ளும் லக்ராஞ்சு விரிவே சிறந்தது.

கேள்வி கேட்டவர்: நன்றி. டெய்லர் விரிவின் படியை ஒவ்வொன்றாக உயர்த்தி, அதிர்வெண் நிலைபெறும் இடத்தைப் பார்க்கிறேன்.

மறுமொழி 2: அதிர்வெண்ணோடு நிறுத்திவிடாமல், வடிவங்களையும் ஓட்டு மாதிரியோடு ஒப்பிடுங்கள், வரிசை இடம் மாறியிருக்கக்கூடும்.