"கவலைப்பட்டதால்தான் கேன்சர் வந்ததா?" வார்டில் கேட்ட கேள்விகள்

டேகேர் செவிலியர்
பாக்லிடாக்செல் என்ற கீமோ மருந்து, இரண்டாவது சுற்று. சொட்டு ஏறி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்த அம்மாவுக்கு முகம் செக்கச்செவேலென்று ஆகி, "இடுப்பு தெறிக்குது, மூச்சு முட்டுது" என்றார். மருந்தை நிறுத்தி, ஆக்சிஜன் வைத்து, ஒவ்வாமையை அடக்கும் ஏவிலும் ஹைட்ரோகார்டிசோனும் போட்ட பிறகு விசாரித்தால், முன்கூட்டியே போட வேண்டிய டெக்சாமெத்தசோன் மாத்திரையை அவர் தொடவே இல்லை. "மன அழுத்தத்துல சுரக்குற கார்டிசால்தான் கேன்சரைப் பரப்புதாம். இதுவும் அதே ஜாதி மருந்துதானே சிஸ்டர்?" என்கிறார் மகள்.

அதே ஜாதிதான், இரண்டும் ஸ்டீராய்டு. ஆனால் பாக்லிடாக்செல் தண்ணீரில் கரையாது. ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த கரைப்பானில் கலந்து வருகிறது. ஒவ்வாமைக்குப் பெரும்பாலும் அந்தக் கரைப்பான்தான் காரணம், அதுவும் முதல் இரண்டு தடவைகளில்தான் அதிகம். அதைத் தடுக்கத்தான் டெக்சா: வழக்கமான முறையில் சொட்டு ஏற்றுவதற்கு 12 மணி நேரம் முன்பு 20 மி.கி., 6 மணி நேரம் முன்பு 20 மி.கி. 4 மி.கி. மாத்திரை என்றால் வேளைக்கு ஐந்து. ஐந்தைப் பார்த்துப் பயந்து ஒன்றோடு நிறுத்துபவர்களும் உண்டு.

நோய்க்குறியியல் மருத்துவர்
ஒரு கணவர், மனைவி பக்கத்தில் இருக்கும்போதே சொன்னார்: "பையன் வீட்டை விட்டுப் போன ஆறு மாசமா அழுதுட்டே இருந்தா, அதான் மார்புல கட்டி." அந்த அம்மா தலையை நிமிர்த்தவே இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 செ.மீ. கட்டியில் சுமார் 100 கோடி செல்கள். ஒரு செல் அந்த அளவுக்கு வர 30 முறை இரட்டிக்க வேண்டும். ஒரு இரட்டிப்புக்கு 100 நாள் என்று வைத்தாலும் எட்டு வருடத்துக்கு மேல் ஆகும். ஆறு மாதத்தில் இரண்டு இரட்டிப்புகூட முடியாது. பையன் போவதற்கு முன்பே கட்டி இருந்தது.

2013இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வந்த ஐரோப்பிய ஆய்வில் 1,16,056 பேர். வேலை அழுத்தத்தை நோய் வருவதற்கு முன்பே கேட்டுப் பதிந்து, சுமார் 12 ஆண்டு தொடர்ந்தார்கள். மார்பு, நுரையீரல், பெருங்குடல், புராஸ்டேட் எதிலும் தொடர்பு தெரியவில்லை. நோய் வந்த பிறகு கேட்டால் யாருக்கும் ஒரு துக்கம் ஞாபகத்துக்கு வந்துவிடும்.

ஆய்வக மாணவர்
மேலே சொன்னது வேலை அழுத்தம் மட்டும்தான். விதவைத் துயரம், அடி உதை, வருடக்கணக்கில் தூங்காத பராமரிப்பு, இவை அந்தக் கேள்வித்தாளில் இல்லை. அதோடு, நோய் தொடங்குவது வேறு, இருப்பது பரவுவது வேறு. 2006இல் நேச்சர் மெடிசின் இதழில் வந்த எலி ஆய்வில், தினமும் மணிக்கணக்கில் அடைத்து வைத்த எலிகளில் சினைப்பைக் கட்டி அதிகம் வளர்ந்தது. அழுத்தத்தில் சுரக்கும் நார்அட்ரினலின், செல்லில் உள்ள பீட்டா ஏற்பியைத் தூண்ட, கட்டிக்குள் புது ரத்தக்குழாய்கள் கிளைத்தன. அந்த ஏற்பியைத் தடுக்கும் புரோப்ரனலால் மருந்தைக் கொடுத்தபோது அது அடங்கியது. ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: புற்றுச் செல்களை எலிக்குள் ஊசியால் செலுத்தித்தான் கட்டியை வரவழைத்தார்கள், அடைத்து வைத்ததால் அது வரவில்லை.

மருந்தாளுநர்
தம்பி, அந்தக் கடைசி வரியை யாரும் பார்க்க மாட்டார்கள். புரோப்ரனலால் என்ற பெயரை மட்டும் போனில் காட்டி ஒருவர் கவுண்டரில் நின்றார். சட்டைப்பையில் இன்ஹேலர் துருத்திக்கொண்டிருந்தது.

யாரும் கேட்கவில்லை என்றாலும் எழுதுகிறேன். ஆஸ்துமா இருந்தால் இந்த மருந்து மூச்சுக்குழாயை இறுக்கிவிடும். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பும் நடுக்கமும் மறைந்துபோகும். பெரும்பாலும் வியர்வைதான் மிஞ்சும் எச்சரிக்கை. சில வாரம் சாப்பிட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் இதயத்துடிப்பு எகிறும், நெஞ்சுவலியும் வரலாம். மன அழுத்தத்துக்கு என்று பீடியும் புகையிலையும் பிடித்துக்கொள்கிறார்களே, கேன்சருக்கு நேர்வழி அதுதான். முதலில் அதைப் பற்றிக் கேளுங்கள்.

மனநல ஆலோசகர்
கட்டி சுருங்கும் என்பதற்காக அழுத்தத்தைக் குறைக்கச் சொல்லாதீர்கள். ஆள் நிம்மதியாக இருக்க வேண்டும், அது போதுமான காரணம். மனத்தொல்லை எவ்வளவு என்று 0 முதல் 10 வரை குறிக்கச் சொல்லும் டிஸ்ட்ரஸ் தெர்மாமீட்டர் படத்தைக் காட்டுங்கள். 4 அல்லது அதற்கு மேல் என்றால் என்ன தொல்லை என்று விசாரியுங்கள். பதில் பல நேரம் பஸ் செலவாகவோ, வீட்டில் விட்டு வந்த பிள்ளையாகவோ இருக்கும். நோய்க்குறியியல் மருத்துவர் எழுதிய இரட்டிப்புக் கணக்கை, கணவரை உட்கார வைத்துக்கொண்டே அந்த அம்மாவிடம் சொல்ல வேண்டும்.

டேகேர் செவிலியர்
"மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்டால் எல்லோரும் "ஆச்சு" என்பார்கள். காலி அட்டையைக் காட்டச் சொல்லி எண்ணுங்கள். எத்தனை மணிக்குப் போட்டார் என்று குறியுங்கள். விட்டிருந்தால் டாக்டரிடம் சொல்லி நரம்பு வழியாக டெக்சா போட்டு, அரைமணி பொறுத்துத்தான் சொட்டைத் திறக்க வேண்டும்.