ஒன்லைன் வைட்போர்ட்ல 40 பேரையும் எழுத வைக்கிறது எப்பிடி?

கனகராயன்கரை:
வணக்கம். நான் கிளிநொச்சிப் பக்கம் கம்பஸ் ஒண்டில தற்காலிக லெக்சரர், ரெண்டாம் வருசத்துக்கு நீர்ப்பாசனம் எடுக்கிறன். போன கிழமை ஒரே போர்ட் லிங்கை 40 பேருக்கும் வாட்ஸப் குறூப்பில போட்டு, இரணைமடுக் குளத்தில இருந்து தண்ணி வயலுக்கு எப்பிடிப் போகுதெண்டு எல்லாருமாச் சேர்ந்து கீறுங்கோ எண்டு விட்டன். அஞ்சாறு பேர்தான் கீறினவை, மற்றாக்கள் பாத்துக்கொண்டே இருந்திட்டினம், அதுக்குள்ள ஒராள் போன்ல விரலால இழுக்கப்போய் நான் அரை மணித்தியாலமாக் கீறி வைச்ச குளத்தையே தூக்கி ஒரு மூலைக்குள்ள கொண்டு போட்டிட்டார். பாதிப்பேரிட்ட லப்டொப் இல்லை. சிங்களப் பிள்ளையளும் இருக்கினம், இங்கிலீசில கதைக்கச் சொன்னா ரெண்டு பக்கமும் வாய் திறக்கினமில்லை, அதுக்காகத்தான் போர்ட்டையே துவங்கினனான். எங்க பிழை விட்டிட்டன்?

பாலைப்பழம்:
தம்பி, 40 பேருக்கு ஒரு வெறும் பலகையைக் குடுத்தா ஆர் முதல்ல எழுதுறதெண்டுதான் எல்லாரும் பாத்துக்கொண்டிருப்பினம். நான் வவுனியாவில படிப்பிக்கிறன், எனக்கும் துவக்கத்தில உதேதான். இப்ப 8 பெட்டி கீறுவன், பெட்டிக்கு 5 பேர், ஒவ்வொரு பெட்டிக்கும் மேல ஒரேயொரு கேள்வி. முதல் 6 நிமிசம் ஒருத்தரும் கதைக்கேலாது, ஆளுக்கு ஒரு ஸ்டிக்கி நோட் கட்டாயம். பேர் போடத் தேவையில்லை, பேர் இல்லையெண்டா கூச்சப்படுற பிள்ளையும் எழுதும். பிறகு பக்கத்துப் பெட்டிக்குப் போய் ஒரு கேள்வி எழுத வேணும், கதை அங்கதான் துவங்கும். தமிழிலயோ சிங்களத்திலயோ முதல் எழுதட்டும், இங்கிலீசுக்குக் குறூப்பாச் சேர்ந்து பிறகு மாத்தலாம். பாமினி எண்ட பழைய எழுத்துருவில அடிச்சதை மட்டும் கொண்டந்து ஒட்ட விடாதேங்கோ, வெறும் கிறுக்கலாத்தான் வரும், யூனிகோட்ல அடிக்கச் சொல்லுங்கோ. குளத்தைக் கீறின உடன லொக் பண்ணி விடுங்கோ, தெரியாமக் கை பட்டா அசையாது.

ஒட்டுசுட்டான் பிள்ளை:
சேர், நான் ஸ்ருடன்ட், அதால சொல்லுறன். சும்மா இருந்தவை எல்லாரும் விருப்பமில்லாமல் இருந்தவை எண்டு நினையாதேங்கோ. எங்கட வீட்டில கிணத்தடிக்குப் போனாத்தான் கவரேஜ், சூமும் போர்ட்டும் ஒண்டா ஓடினா போன் சூடாகி நிண்டிடும். போர்ட் வேலை நேரம் கமராவை நிப்பாட்டச் சொல்லுங்கோ. சின்ன ஸ்கிறீன்ல முழுப்படத்தையும் பாத்தா எழுத்துத் தெரியாது, பெருப்பிச்சா நாங்கள் எங்க நிக்கிறமெண்டு தெரியாது. பெட்டிக்குப் பெரிய நம்பர் போடுங்கோ. கீறுறதைக் கொப்பியில கீறி போட்டோ எடுத்து வாட்ஸப்பில போட விடுங்கோ, அதில படம் சுருங்கித்தான் போகும், டேட்டாவும் மிச்சம். லப்டொப் இருக்கிற ஒராள் எல்லாத்தையும் போர்ட்ல ஏத்தலாம்.

மாங்குளத்தான்:
எந்தப் போர்ட் எண்டு சொல்லேல்லையே. கூகிளின்ர ஜாம்போர்ட் 2024 கடைசியோட நிண்டு போச்சு, பழைய நோட்ஸில அந்த லிங்குகள் கிடந்தா எடுத்து விடுங்கோ. மிரோ நல்லம், ஆனா இலவசத்தில 3 போர்ட்தான் திருத்தலாம், படிப்பிக்கிறாக்களுக்கு வேற திட்டம் இருக்கு, விண்ணப்பிச்சுப் பாருங்கோ. எக்ஸ்காலிட்ரோ எண்டா லிங்கைத் தட்டினாக் காணும், எக்கவுண்ட் வேண்டாம், பாரமும் இல்லை. லிங்க் கிடைச்ச ஆரும் அழிக்கலாம் எண்டதை மட்டும் மனசில வைச்சிருங்கோ.

கனகராயன்கரை:
எல்லாருக்கும் பெரிய நன்றி. இண்டைக்கு 8 பெட்டியோட செய்து பாத்தன். 31 பேர் எழுதினவை! இடதுகரை, வலதுகரை வாய்க்கால் ரெண்டையும் பிரிச்சுக் குடுத்தனான். 6ம் பெட்டியில கிளைவாய்க்கால் முடியிற இடத்தில ஒரு மஞ்சள் நோட், "சிறுபோகத்தில இதுக்கு அங்கால தண்ணி வராது, அப்பா இரவில முழிச்சிருந்துதான் மறிச்சு விடுறவர்" எண்டு. அதுக்குக் கீழ அனுராதபுரத்துப் பிள்ளை ஒண்டு தங்கட ஊரிலயும் கடைசி வயலுக்கு இதே பாடுதான் எண்டு இங்கிலீசில எழுதி, உங்கட ஊரில முறை வைச்சு விடுறதில்லையோ எண்டு கேட்டிருக்கு. பிறகு மற்றப் பெட்டிக்காரரும் அங்கதான் வந்து நிண்டவை, பாடம் முடியுற நேரமும் தாண்டிட்டுது. தங்கச்சி, நீங்கள் சொன்ன மாதிரி கொப்பிப் போட்டோ 11 வந்தது, அதில ரெண்டு என்ர படத்தை விட நல்லம். மிச்சம் 9 பேரோட நாளைக்குத் தனியக் கதைக்கிறன், கவரேஜோ வேற ஏதுமோ தெரியேல்ல.

பாலைப்பழம்:
அந்தப் போர்ட்டை இண்டைக்கே படமா இறக்கி வைச்சிடுங்கோ தம்பி, நாளைக்கு ஆரும் தெரியாமல் அழிச்சா அந்த மஞ்சள் நோட்டும் போயிடும்.