அச்சகத்துக்கு இயந்திரம் வாங்கினால் வரி எவ்வளவு குறையும்?

கேள்வி – வெள்ளவத்தை அச்சகக்காரர்

வணக்கம். வெள்ளவத்தையில் தனி உரிமையாளராகச் சிறிய அச்சகம் ஒன்றை நடத்தி வருகிறேன். திருமண அழைப்பிதழும் பற்றுச்சீட்டுப் புத்தகமும்தான் பெரும்பாலான வேலை. 2025/2026 மதிப்பாண்டில் (ஏப்ரல் முதல் மார்ச் வரையான வரி ஆண்டு) 30 இலட்சம் ரூபா இலாபம் வரும்போல் இருக்கிறது. 10 இலட்சத்துக்குக் காகிதம் வெட்டும் இயந்திரம் ஒன்றை மார்ச் மாதத்துக்குள் வாங்கினால், முழுத்தொகையையும் கழித்து வரியை ஏறக்குறைய இல்லாமற் செய்துவிடலாம் என்று நண்பர் ஒருவர் கூறுகிறார். அது சரிதானா? என் சம்பளமாக மாதந்தோறும் எடுக்கும் 80,000 ரூபாவை இன்னும் கழிக்கவில்லை, அதையும் கழிக்கலாமா? கடைக்கு மேல்மாடியில்தான் குடியிருக்கிறோம், மின்மானியும் ஒன்றுதான். மின்கட்டணத்தை எப்படிக் கழிப்பது?

பதில் 1 – கொட்டாஞ்சேனை கணக்காளர்

உங்கள் நண்பர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்படி, இத்தகைய இயந்திரத்தின் விலை 5 ஆண்டுகளுக்குச் சமமாகப் பகிரப்பட்டே கழிக்கப்படும். ஆகவே இந்த ஆண்டு உங்களுக்குக் கிடைப்பது 2 இலட்சம் மட்டுமே. இயந்திரத்தைப் பெட்டியைப் பிரிக்காமல் மூலையில் வைத்திருந்தால் அதுவும் கிடையாது, மார்ச் 31 இல் அது உங்கள் தொழிலில் பாவனையில் இருக்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். 30 இலட்சத்திலிருந்து தனிநபர் நிவாரணமான (வரி விதிக்கப்படாத தொகையான) 18 இலட்சத்தைக் கழித்தால் 12 இலட்சம் மிஞ்சும். முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதப்படி 60,000, எஞ்சிய 2 இலட்சத்துக்கு 18 வீதப்படி 36,000, மொத்தம் 96,000 ரூபா. இயந்திரத்தை வாங்கினால் அந்த 36,000 மட்டும் இல்லாமற் போகும். அதற்காகக் கையிலிருந்து 10 இலட்சம் போகிறது! வேலைக்குத் தேவையென்றால் வாங்குங்கள். வரிக்காக வாங்க வேண்டாம்.

தனி உரிமையாளர் எடுப்பது சம்பளமன்று, சொந்த எடுப்பனவு. அதைக் கழிக்க இயலாது. ஊழியர்களின் சம்பளத்தையும், அவர்களுக்காக நீங்கள் செலுத்தும் ஊழியர் சேமலாப நிதிக்கான 12 வீதத்தையும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கான 3 வீதத்தையும் கழிக்கலாம்.

பதில் 2 – புறக்கோட்டை வியாபாரி

மின்மானி விடயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். எங்கள் கடையும் வீடும் ஒரே கட்டடத்தில்தான் இருந்தன. மின்கட்டணப் பட்டியலில் பாதியை வியாபாரச் செலவாகக் கண்ணை மூடிக்கொண்டு எழுதி வந்தேன். எந்த அடிப்படையில் பாதி என்று ஒரு நாள் கேட்டபோது என்னிடம் பதில் இருக்கவில்லை. பின்னர் மேல்மாடிக்குத் தனியாக உபமானி பொருத்தி, ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி இரண்டு அளவீடுகளையும் ஒரு சீ.ஆர். கொப்பியில் குறித்து, பட்டியலையும் அதே பக்கத்தில் ஒட்டி வைக்கிறேன். சிறிய வேலைதான், ஆனால் அன்றிலிருந்து எவரும் கேள்வி கேட்டதில்லை.

வாடிக்கையாளருக்குக் கொடுத்த விருந்துச் செலவையும், அரசுக்குக் கட்டிய தண்டப்பணத்தையும் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். இரண்டையும் சட்டம் ஏற்காது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. அப்படியானால் வங்கிக் கடனில் இயந்திரத்தை வாங்கினால் வட்டி?

பதில் 1 – கொட்டாஞ்சேனை கணக்காளர்

தொழிலுக்கென்றே பெற்ற கடனின் வட்டியைக் கழிக்கலாம், முதலைத் திருப்பிக் கட்டுவதைக் கழிக்க முடியாது. இயந்திரத்துக்கெனப் பெற்ற கடன் உங்கள் சொந்தக் கணக்கில் விழுந்து வீட்டுச் செலவோடு கலந்துவிட்டால் பிரித்துக் காட்டுவது சிரமம், எனவே விற்பனையாளருக்கு வங்கியே நேரடியாகச் செலுத்துமாறு கேளுங்கள். வருமான வரி விவரத்திரட்டை நவம்பர் 30 இற்குள் சமர்ப்பித்தால் போதும், ஆனால் வரியைத் தவணைகளில் கட்டுவதற்கான முதற் திகதி ஆகஸ்ட் 15.