பிரிக்ஃபீல்ட்ஸ் ஜவுளிக் கடைத் தளத்துக்கு எந்த ஹோஸ்டிங்? உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் ஜவுளிக் கடை ஒன்றின் வூகாமர்ஸ் (வேர்ட்பிரஸில் இயங்கும் இணையக் கடை மென்பொருள்) தளத்தை வேறு ஹோஸ்டிங்குக்கு, அதாவது தளத்தை வைத்திருக்கும் வேறு சர்வர் சேவைக்கு, மாற்ற வேண்டும். 1,800 பொருள்கள், படங்களோடு 14 ஜிபி. தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம்தான் உயிர்நாடி. ஒரே நேரத்தில் 60, 70 பேர் வாங்க வருவார்கள்.

இப்போது இருப்பது ஷேர்ட் ஹோஸ்டிங், அதாவது ஒரே சர்வரைப் பல தளங்கள் பகிர்ந்துகொள்வது. இடம் வரம்பில்லை என்றாலும் கோப்புகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. வேர்ட்பிரஸ் ஒவ்வொரு படத்தையும் பல அளவுகளில் சேமிப்பதால் அது சீக்கிரம் நிரம்பிவிடும். அதைவிடப் பெரிய சிக்கல் பிஎச்பி வொர்க்கர், அதாவது ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கைக்கு மட்டும் பக்கத்தை உருவாக்கித் தரும் சர்வர் செயல்பாடு. பொருள் பக்கத்தை கேஷிலிருந்து (முன்பே உருவாக்கிச் சேமித்த நகலிலிருந்து) கொடுத்துவிடலாம். கூடை, செக்அவுட் பக்கங்களை அப்படிக் கொடுக்க முடியாது, ஒவ்வொரு கோரிக்கையும் ஒரு வொர்க்கரைப் பிடித்துக்கொள்ளும். நாலைந்து மட்டும் இருந்தால் மற்றவர்கள் காத்திருந்து, சர்வரால் பதில் தர முடியவில்லை என்ற 503, 504 பிழையைத்தான் பார்ப்பார்கள். எஃப்பிஎக்ஸில் (மலேசிய வங்கிக் கணக்கிலிருந்து இணையத்தில் பணம் கட்டும் முறை) பணம் கட்டியபின் உறுதிச் செய்தி தளத்தை எட்டாவிட்டால், ஆர்டர் நிலுவையிலேயே கிடக்கும். வாடிக்கையாளரின் நம்பிக்கை அங்கேதான் போகிறது.

ஆகவே 2 கோர், 4 ஜிபி ரேம் கொண்ட மேனேஜ்டு விபிஎஸ் (நமக்கென ஒதுக்கிய மெய்நிகர் சர்வர், பராமரிப்பை நிறுவனமே பார்த்துக்கொள்ளும்) தேடுகிறோம். சர்வர் சைபர்ஜெயாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கலாம். மாதம் 150 வெள்ளி (ரிங்கிட்) வரை கட்டுப்படியாகும். டொமைன் (தளத்தின் இணையப் பெயர்) கடை பெயரில் தனியாக இருக்கிறது, அது அப்படியே இருக்கட்டும். மாற்றுவதற்கு முந்தைய நாளே டிடிஎல்லை (தளத்தின் சர்வர் முகவரியை மற்ற கணினிகள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 வினாடியாகக் குறைத்துவிடுவோம்.

பயன்படுத்துபவர்கள் சொல்லுங்கள்: நள்ளிரவில் டிக்கெட் (உதவிக் கோரிக்கை) போட்டால் எவ்வளவு நேரத்தில் பதில் வருகிறது? இரண்டாம் ஆண்டுக் கட்டணம் எவ்வளவு ஏறியது? பேக்கப் வேறு சர்வரில் இருக்கிறதா, அதை ஒருமுறையாவது மீட்டுப் பார்த்தீர்களா?