69% எப்படி நிற்கிறது?

கேள்வி: உச்ச நீதிமன்றத்தின் இந்திரா சாஹ்னி தீர்ப்பு (1992) இட ஒதுக்கீட்டுக்கு 50% உச்சவரம்பு வைத்தது. பீகாரின் 65% சட்டத்தைப் பாட்னா உயர் நீதிமன்றம் 2024-இல் ரத்து செய்தது. தமிழ்நாட்டின் 69% மட்டும் எப்படித் தப்பியது?

பதில் 1: அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணைதான் கவசம்; அதில் சேர்த்த சட்டத்தை அடிப்படை உரிமையை மீறுகிறது என்று ரத்து செய்ய முடியாது என்பது ஏற்பாடு. 1994-இல் தமிழ்நாடு தனிச்சட்டம் இயற்றியது. அரசியலமைப்பின் 76-ஆவது திருத்தம் அதை அட்டவணையில் சேர்த்தது. கணக்கு: பி.சி. 30 (முஸ்லிம்களுக்கான 3.5 உட்பட), எம்.பி.சி. 20, எஸ்.சி. 18 (அதில் அருந்ததியருக்கு 3), எஸ்.டி. 1. பீகார் சட்டம் அட்டவணையில் இல்லை.

பதில் 2: கவசம் முழுமையானதல்ல. உச்ச நீதிமன்றத்தின் கோயெல்ஹோ தீர்ப்பின்படி (2007), 24.4.1973-க்குப் பின் அட்டவணையில் சேர்த்தவற்றை அடிப்படைக் கட்டமைப்பு (அரசியலமைப்பில் மாற்றக்கூடாத அடித்தளக் கூறுகள்) அளவுகோலில் சோதிக்கலாம்.

பதில் 3: பலர் கோட்டைவிடுவது தரவில். எம்.பி.சி.க்குள் வன்னியருக்குத் தந்த 10.5% உள் ஒதுக்கீடு 2022-இல் விழுந்தது போதிய தரவு இல்லாததால்தான். உள் ஒதுக்கீடு தரும் அதிகாரம் மாநிலத்துக்கு உண்டு என்றே உச்ச நீதிமன்றம் சொன்னது.

கேள்வி கேட்டவர்: அப்போ ஈ.டபிள்யூ.எஸ். (பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான 10%)?

பதில் 2: 2022-இல் உச்ச நீதிமன்றத்தில் 3-2 என்று தப்பியது. 50% வரம்பு நெகிழக்கூடியதாம்! வசதியான நெகிழ்ச்சி.