புதுப்பிப்பு: வெளி எஸ்எஸ்டியில் போட்ட உபுண்டு வேறு கம்ப்யூட்டரில் பூட் ஆகாதது – சரியாகிவிட்டது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. வெளியே செருகும் எஸ்எஸ்டி டிஸ்கில் உபுண்டு (விண்டோஸ் போல ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம்) போட்டிருந்தேன். என் லேப்டாப்பில் ஓடிய அது, சிம்மக்கல்லில் மாமா கடை கம்ப்யூட்டரில் எஸ்எஸ்டியைச் செருகினால் பூட் பட்டியலிலேயே (எதிலிருந்து தொடங்கலாம் என்று கம்ப்யூட்டர் காட்டும் பட்டியல்) வரவில்லை என்று கேட்டிருந்தேன்.

"எஸ்எஸ்டியோட இஎஃப்ஐ பார்ட்டிஷனைத் திறந்து பாருங்க தம்பி" என்று ஒரு அண்ணன் சொன்னதுதான் சரி. கம்ப்யூட்டரைத் தொடங்கி வைக்கும் ஃபைல்கள் இருக்க வேண்டிய பகுதி அது. திறந்தால் காலி! நிறுவும்போது எஸ்எஸ்டியைத்தான் தேர்ந்தெடுத்தேன். உபுண்டுவைத் தொடங்கி வைக்கும் கிரப் புரோகிராம் மட்டும் லேப்டாப்பின் உள் டிஸ்கில் விண்டோஸ் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தது. காலிப் பார்ட்டிஷனை மவுன்ட் செய்து (உபுண்டுவில் இணைத்து), கிரப்-இன்ஸ்டால் கட்டளையை ‘ரிமூவபிள்’ (கழற்றும் டிஸ்குக்கான) தெரிவோடு ஓட்டினேன். இஎஃப்ஐ ஃபோல்டருக்குள் பூட் என்ற ஃபோல்டரில் ‘பூட்எக்ஸ்64’ ஃபைல் வந்தது. வெளி டிஸ்கில் யுஇஎஃப்ஐ (கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் முதலில் ஓடும் உள் மென்பொருள்) தேடுவது இந்தப் பெயரைத்தான்.

எதிர்பாராதது ஒன்று. கடையில் கிரப் வந்தும், ஒன்றரை நிமிஷம் நின்று எமர்ஜென்சி மோடுக்கு (பழுது பார்க்கும் வெறும் கட்டளைத் திரை) போனது. தொடங்கும்போது எந்தெந்தப் பார்ட்டிஷனை இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில், லேப்டாப் டிஸ்கின் இஎஃப்ஐ யுயுஐடி (பார்ட்டிஷனின் அடையாள எண்) அப்படியே இருந்தது. அதனால் உபுண்டு இல்லாத டிஸ்குக்காகக் காத்திருக்கிறது. எஸ்எஸ்டியின் இஎஃப்ஐ யுயுஐடியை அங்கே மாற்றியதும் நேராக டெஸ்க்டாப். இதை யாரும் விட்டுவிடாதீர்கள், நான் ஒரு மாலை முழுக்க இதிலேயே மாட்டிக்கொண்டேன்.

உள் டிஸ்கில் பழைய கிரப் இன்னும் இருந்ததால், எஸ்எஸ்டியைக் கழற்றினால் லேப்டாப் கிரப் திரையில் நின்றது. பயாஸ் அமைப்பின் பூட் வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜரை முதலில் வைத்தேன், சரி.